பதினாலாம் அலமாரியில் ஒரு இடைவெளி

முடிச்சு அவிழ்வதற்கு இன்னும் நாற்பத்தொரு மணி நேரம் இருந்தது.

கரிசலூர் மாவட்ட மைய நூலகத்தில், நூலகரின் மேசை முன்னால் நின்றேன். சொல்ல வேண்டியதைப் பேருந்தில் வரும்போதே மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்திருந்தேன். மேசைக்கு முன்னால் வந்ததும் எல்லாம் மறந்துவிட்டது. பேசாமல் செல்போனை நீட்டினேன்.

திரையில் நான் தினமும் பார்க்கும் பக்கம். தலைப்புக்குப் பக்கத்தில் எப்போதும் பச்சையாக இருக்கும் சின்ன முடிச்சுக் குறி மஞ்சளாகியிருந்தது. அதன் கீழே: 'மூல நூல் அடுக்கில் இல்லை. திங்கள் காலை எட்டு மணிக்குள் திரும்பாவிட்டால் இப்பக்கம் நீக்கப்படும்.'

நூலகர் பேச்சியம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார். என் கையிலிருந்த தூத்துக்குடி பேருந்துச் சீட்டையும் பார்த்தார்.

"இதுக்காகவா தூத்துக்குடியிலேர்ந்து பஸ் ஏறி வந்திய?"

"ஆமா மேடம்."

"ஒரு மெயில் போட்டிருக்கலாமேம்மா."

"நாலு மெயில் போட்டேன்."

அவர் தன் கணினியைப் பார்த்தார். திரும்ப என்னைப் பார்த்தார். "இருக்கும், இருக்கும். உக்காருங்க. பேரு என்ன?"

"ஜெனிட்டா."

முடிச்சு வந்தபோது நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். முதலில் அது வெறும் வசதி. இணையத்தில் எந்தப் பக்கத்தில் எந்தப் புத்தகத்தைப் பற்றி எழுதியிருந்தாலும், பக்கத்தில் ஒரு முடிச்சு தெரியும். தொட்டால், உங்களுக்கு அருகில் எந்த நூலகத்தில், எந்த அலமாரியில் அந்தப் புத்தகம் இருக்கிறது என்று காட்டும். அவ்வளவுதான். பிறகு இயந்திரங்கள் எழுதிய பக்கங்கள் பெருகின. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்புக் கரைசலின் அளவை ஒரு போலிப் பக்கம் தப்பாகச் சொல்லி, ஒரே வாரத்தில் ஏராளமான குழந்தைகள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். அதற்குப் பிறகுதான் சட்டம் வந்தது. உடம்பைப் பற்றி எழுதும் எந்தப் பக்கமும், ஒரு பொது நூலகத்தில் நிஜமாக இருக்கும் ஒரு புத்தகத்தோடு முடிச்சுப் போட்டிருக்க வேண்டும். புத்தகம் அலமாரியில் இருக்கும்வரை பக்கம் இருக்கும்.

"முன்னாடி முடிச்சு புத்தகத்தைக் கண்டுபிடிச்சுக் குடுத்துச்சு. இப்ப நாங்க முடிச்சுக்காகப் புத்தகத்தைக் காவல் காக்குதோம்" என்றார் பேச்சியம்மாள். "எண்பதாயிரம் புத்தகம். நானும் ஒரு அட்டெண்டரும். அவரும் இன்னைக்கு லீவு. எந்தப் புத்தகம்மா?"

"நம் சமையலறையில் புரதக் கணக்கு. எஸ்தர் ராஜகுமாரி எழுதினது."

"அதுவா?" அவர் தட்டச்சு செய்து பார்த்தார். "ஒரே பிரதி. ஒம்பது வருஷமா யாரும் எடுக்கல. வேற நூலகத்துல இல்லியா?"

"எங்கேயும் இல்ல. பெத்தவங்க சங்கம் ஒண்ணு முந்நூறு பிரதி போட்டுச்சு. எழுதினவங்களும் இறந்துட்டாங்க."

"உங்களுக்கு எதுக்கு?"

இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. சின்ன வயதிலிருந்தே ஒவ்வொரு கல்யாண வீட்டுப் பந்தியிலும் சொல்லிப் பழகிவிட்டது. புரதத்தில் இருக்கும் ஒரு பொருளை என் உடம்பால் உடைக்க முடியாது. பிறந்த ஒரு வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். பருப்பு, பால், முட்டை கிடையாது. தூத்துக்குடியில் பிறந்தும் மீன் கிடையாது. சோறும் இட்லியும் கிராம் கணக்கில். மிச்சத்துக்கு, அந்தப் பொருள் இல்லாமல் அரசாங்கம் செய்து தரும் புரத மாவு. கணக்கு தவறினால் அந்தப் பொருள் இரத்தத்தில் ஏறி மூளையைப் பாதிக்கும். எங்களைப் போல் மாநிலத்தில் சில நூறு பேர் இருக்கிறோம். வெளிநாட்டுப் பட்டியல்களில் ரொட்டிக்கும் உருளைக்கிழங்குக்கும் அளவு இருக்கும். அரிசி உப்புமாவுக்கும் பனங்கிழங்குக்கும் எஸ்தர் ராஜகுமாரிதான் எடை போட்டுப் பார்த்து எழுதினார்.

"பக்கத்தைப் படம் எடுத்து வச்சுக்கிட்டா என்ன?"

"எடுத்திருக்கேன். ஆனா மாவு குடுக்கிற மையத்துல இருக்கிற மெஷின், பச்சை முடிச்சு உள்ள பக்கத்தைப் பாத்துத்தான் அளவு போடும். முடிச்சு போயிட்டா எல்லாருக்கும் ஒரே அளவு. பச்சப் பிள்ளைக்கும் எனக்கும் ஒண்ணு."

"டாக்டர் எழுதிக் குடுத்தா?"

"இதுக்குன்னு மாநிலத்துக்கே ரெண்டு பேர். தேதி கிடைக்க ஆறு வாரம் ஆகும் மேடம். ஆறு வாரம்..."

பேச்சியம்மாள் எழுந்து சாவிக்கொத்தை எடுத்தார். "வாங்க, பாப்போம்."

பதினாலாம் அலமாரி தரைத்தளத்தின் கடைசியில், ஜன்னல் இல்லாத பக்கத்தில் இருந்தது. மருத்துவம், உணவு. மேலே ஒரு சின்னக் காமிரா. புத்தகங்களின் முதுகில் ஒட்டிய எண்களை ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை படித்துவிட்டுப் போகும். மூன்றாவது தட்டில் இரண்டு விரல் அகலத்துக்கு இடைவெளி இருந்தது. கையை உள்ளே விட்டேன். முன்வரிசைக்குப் பின்னால் கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. இழுத்தேன். அட்டை தேய்ந்த ஒரு தடித்த புத்தகம். இந்தியப் பொருளாதாரம், போட்டித் தேர்வு வழிகாட்டி.

பேச்சியம்மாள் சிரித்துவிட்டார். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டார்.

"என்ன மேடம்?"

"நம்ம பரீட்சைக்காரனுவ வேலை. இந்த வழிகாட்டியில நம்மகிட்ட ரெண்டே பிரதி. வீட்டுக்குக் குடுக்க மாட்டோம். இங்கனயே உக்காந்து படிக்கணும். சாயந்தரம் எந்திரிச்சுப் போகும்போது, நாளைக்கு வேற எவனும் எடுத்துரக் கூடாதுன்னு, ஆள் வராத அலமாரியாப் பாத்து ஒளிச்சு வச்சிட்டுப் போவானுவ. காமிரா முன்வரிசையத்தான் பாக்கும். அது அவனுவளுக்கு நல்லாத் தெரியும்."

"அப்ப என் புத்தகம்?"

"இடம் பத்தியிருக்காது. உங்க புத்தகத்தை உருவி வேற எங்கயாவது வச்சிருப்பான். ஒம்பது வருஷமா யாரும் தொடாத புத்தகம்தானேன்னு."

பரீட்சைக்கு ஏன் காகிதப் புத்தகம் என்று நான் கேட்கவில்லை. விடைத்தாளில் தகராறு வந்தால் தேர்வாணையம் அச்சிட்ட புத்தகத்தை மட்டும்தான் ஒப்புக்கொள்ளும். அதுவும் போலிப் பக்கங்களுக்குப் பிறகு வந்த விதிதான்.

வாசிப்புக்கூடத்தில் அறுபது பேர் இருந்தார்கள். நாற்காலிகளில் துண்டு, தண்ணீர் பாட்டில், டிபன் டப்பா. மின்விசிறி சத்தம் மட்டும் கேட்டது.

"எல்லாரும் ஒரு நிமிஷம் கவனிங்க" என்றார் பேச்சியம்மாள். "யாரு எதை எங்க ஒளிச்சு வச்சிருக்கான்னு நான் கேக்கல."

"அப்ப எதுக்கு மேடம் எழுப்புறீங்க?" என்றது ஒரு குரல். சிரிப்பு.

"பதினாலாம் அலமாரில ஒரு புத்தகம் இருந்துச்சு. அதை உருவிட்டு அங்க பொருளாதாரத்தைச் சொருகுன புண்ணியவான் யாரு?"

"பொருளாதாரமா?" பின்வரிசையில் ஒருவன் எழுந்துவிட்டான். "மூணு நாளா அதைத் தேடிச் சாகுதோம்! எந்த நாயி..."

"ஏல, வாயக் கழுவு. லேடீஸ் இருக்காங்க."

"லேடீஸ்தான் ஒளிச்சிருப்பாங்க!"

"ஆமா, நாங்க ஒளிச்சு வச்சுத்தான் நீ போன வருஷம் ஃபெயிலாப் போன" என்றாள் முன்வரிசையில் ஒரு பெண். மறுபடி சிரிப்பு. அவள் பெயர் வளர்மதி என்று பிறகு தெரிந்தது.

ஆனால் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. நடுவரிசையிலிருந்து இசக்கிராஜ் என்பவர் எழுந்தார். முப்பது தாண்டியவர், மூன்று முறை நேர்முகத் தேர்வு வரை போனவர். அந்த அறையில் எல்லோரும் அவரைக் கலெக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். தேர்வாணையம் மட்டும் இன்னும் கூப்பிடவில்லை.

"மேடம், யாரும் சொல்ல மாட்டாங்க. சொன்னா ஒளிக்கிற இடம் எல்லாருக்கும் தெரிஞ்சு போயிரும். அடுத்த ஞாயிறு பரீட்சை. அதுவரைக்கும் அந்த இடம்தான் ஒவ்வொருத்தனுக்கும் சொத்து."

பேச்சியம்மாள் என்னைப் பார்த்தார். நான் பேச வேண்டிய நேரம் அது. அறுபது முகங்களும் என் பக்கம் திரும்பின. கதவைப் பார்த்து நடந்துவிட்டேன்.

பேச்சியம்மாள் சொன்ன மகளிர் விடுதியில் அறை எடுத்தேன். சாயங்காலம் ரீகன் கூப்பிட்டார். என் கணவர். துறைமுகத்தில் பளுதூக்கி இயந்திரம் ஓட்டுகிறார். பின்னால் கப்பல் சங்கு கேட்டது.

"கிடைச்சுதா?"

"இன்னும் இல்ல."

"சரி விடு ஜெனி. அந்தப் பக்கம் போனாப் போவுது. உனக்குத்தான் கணக்கு எல்லாம் மனப்பாடமாச்சே. ஒரு இட்லிக்கு எவ்வளவுன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவ."

உண்மைதான். பதினொரு அத்தியாயங்கள் எனக்கு மனப்பாடம். பன்னிரண்டாவதைத்தான் நான் இதுவரை படித்ததே இல்லை. போன வாரம் வரை அதற்குத் தேவையும் இருக்கவில்லை. தேவை வந்தபோது முடிச்சு மஞ்சளாகியிருந்தது; மஞ்சள் பக்கத்தை நம்பி அதைப் படிக்க எனக்குத் துணிவு வரவில்லை.

"நாளைக்கு ஒரு தடவை தேடிப் பாத்துட்டு வந்துருதேன்" என்றேன்.

அவரிடம் சொல்ல ஒன்று இருந்தது. அது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று எனக்கே தெரியவில்லை. தெரியாமல் எப்படிச் சொல்வது? போனை வைத்துவிட்டேன்.

மாவைக் கரைத்துக் குடித்துவிட்டுப் படுத்தேன். கலெக்டர் சொன்னதையே நினைத்துக்கொண்டிருந்தேன். முதலில் சொல்பவனுக்கு நஷ்டம். அதனால் யாரும் முதலில் சொல்ல மாட்டார்கள். அப்படியானால் முதல் என்று ஒருவன் இருக்கக் கூடாது.

ஞாயிறு காலை நூலகம் திறந்ததும் பேச்சியம்மாளிடம் சொன்னேன். அவர் யோசித்தார். "நல்ல யோசனைதான். ஆனா நான் சொன்னா கேக்க மாட்டானுவ. நேத்துப் பாத்தியள்ல? நீங்களே சொல்லுங்க."

"எனக்குப் பேச வராது மேடம்."

"அப்ப திங்கக்கிழமை அந்த மெஷின்கிட்ட போயி எப்படிப் பேசுவிய?"

வாசிப்புக்கூடத்தின் முன்னால் போய் நின்றேன். யாரையும் பார்க்காமல் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துப் பேசினேன். என் உடம்பைப் பற்றிச் சொன்னேன். மாவைப் பற்றி, முடிச்சைப் பற்றிச் சொன்னேன். போன மாதம் சேலத்தில் பிறந்த ஒரு குழந்தைக்கு அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் அளவு போடுகிறார்கள் என்றேன். பாதியில் நிறுத்தவில்லை.

"யாரும் முதல்ல சொல்ல வேண்டாம். மேடம் மணி அடிப்பாங்க. அடிச்சதும் எல்லாரும் ஒரே நேரத்துல எந்திரிச்சு, அவங்கவங்க ஒளிச்சு வைக்கிற இடத்துல போயி நில்லுங்க. எல்லாரோட இடமும் எல்லாருக்கும் தெரியும். யாருக்கும் தனியா நஷ்டம் இல்ல."

கலெக்டர் பேனாவை மூடி வைத்தார்.

"இதை நேத்தே சொல்லியிருக்கலாம்ல?" என்றார் கலெக்டர்.

"நேத்துப் பேச வரல."

யாரோ சிரித்தார்கள். கேலியாக இல்லை.

"அப்ப நாளையிலேர்ந்து எங்க ஒளிக்கிறது?" என்றான் பின்வரிசைக்காரன்.

"ஒளிக்கவே வேண்டாம்ல. முறை வச்சுப் படிப்போம்" என்றாள் வளர்மதி. "நீ முழிச்சிருக்கிற நேரம் எப்படியும் ரெண்டு மணி நேரம்தான்."

பேச்சியம்மாள், நூலகம் மூடும்போது அடிக்கிற கைமணியை எடுத்து அடித்தார்.

முதலில் ஒருவரும் அசையவில்லை. பிறகு கலெக்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். அந்தச் சத்தத்தில் எல்லோரும் எழுந்தார்கள். அறுபது பேர் நூலகம் முழுக்கச் சிதறிப் போனார்கள். தத்துவத்தில் ஒன்பது பேர். கணக்குப் பதிவியலில் நான்கு பேர். அகராதி அலமாரியின் ஒரே தட்டுக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் இரண்டு நண்பர்கள் வந்து சேர்ந்து ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"நீயாலே? எம் புத்தகத்தைத் தினமும் பின்னால தள்ளி விட்டது நீதானா?"

"எம் புத்தகம்னு நான்லா நினைச்சேன்."

கலெக்டர் மாடிப்படிக்கும் புவியியலுக்கும் நடுவில் தவித்துக்கொண்டிருந்தார். "மேடம், எனக்கு அஞ்சு இடம் இருக்கு. எதுல நிக்க?"

பேச்சியம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு எல்லோரையும் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். சிரிப்பை அடக்கத்தான் அவர் பாடுபட்டுக்கொண்டிருந்தார்.

நான் பதினாலாம் அலமாரிக்கு ஓடினேன். அங்கே வளர்மதி நின்றுகொண்டிருந்தாள்.

"நான்தான்க்கா" என்றாள். நேற்றைய துடுக்குத்தனம் இல்லை. "அந்தப் புத்தகம் என்னன்னுகூடப் பாக்கல. சும்மா கிடக்குதேன்னு எடுத்தேன்."

"எங்க வச்சீங்க?"

"வேற எங்கயாவது சொருகலாம்னுதான் கொண்டு போனேன். அட்டை கிழிஞ்சிருந்துச்சு. பாவமா இருந்துச்சு. அதனால தள்ளுவண்டியில வச்சேன். திரும்பி வர்ற புத்தகம் வைப்பாங்கல்ல, அந்த வண்டி. மேடம் எடுத்து அடுக்கிருவாங்கன்னு நினைச்சேன்."

எங்கள் பின்னால் வந்து நின்ற பேச்சியம்மாளின் முகம் மாறியது.

"அட்டை கிழிஞ்சா இருந்துச்சு?"

"ஆமா மேடம்."

அவர் தன் அறைக்கு விறுவிறுவென்று நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். எங்கள் பின்னால் கலெக்டரும், அவர் பின்னால் பாதி நூலகமும். அறையின் மூலையில் சணல் கயிற்றால் கட்டிய புத்தகக் கட்டுகள் நான்கு இருந்தன. மேலே சுண்ணக்கட்டியால் 'பைண்டிங்' என்று எழுதியிருந்தது.

"வண்டியில கிழிஞ்ச புத்தகம் வந்தா கையோட இங்க போட்டுருவேன்" என்றார் பேச்சியம்மாள். குரல் இறங்கியிருந்தது. "கம்ப்யூட்டர்ல ஏத்த மறந்திருக்கேன். நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு ஆட்டோ வந்து இதை எல்லாம் எடுத்துட்டுப் போகும். போனா வர மூணு மாசம் ஆகும்."

முதல் கட்டில் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவது கட்டின் கயிறு அவிழவில்லை. கலெக்டர் பல்லால் கடித்து அவிழ்த்தார். நடுவில் இருந்தது. மெல்லிய, மங்கிய ஊதா அட்டை. முதுகு பாதி பிரிந்திருந்தது. எண் ஒட்டிய இடம் மட்டும் நன்றாக இருந்தது.

நான் அந்தப் புத்தகத்தை அதுவரை கையில் தொட்டதே இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் பக்கம்தான்.

பதினாலாம் அலமாரியின் மூன்றாவது தட்டில், அந்த இடைவெளியில் வைத்தேன். பொருளாதாரம் வெளியே போயிருந்ததால் தாராளமாக உள்ளே போனது. பேச்சியம்மாள் காமிராவின் பொத்தானை அழுத்தினார். சின்ன ஒளி ஒன்று தட்டின் மேல் இடமிருந்து வலமாக நகர்ந்தது. புத்தகத்தின் மேல் வந்தபோது ஒரு கணம் நின்றது. பிறகு நகர்ந்தது.

என் செல்போனில் முடிச்சு மஞ்சளாகவே இருந்தது. வளர்மதி என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மூச்சு கழுத்தில் பட்டது.

பச்சையாகியது.

"வந்துருச்சு" என்றாள் வளர்மதி. "மேடம், வந்துருச்சு!"

"வாசிப்புக்கூடத்துல சத்தம் போடக் கூடாது" என்று பின்வரிசைக்காரன் கத்தினான். அதற்கு எல்லோரும் கைதட்டினார்கள்.

கலெக்டர் வாயில் ஒட்டியிருந்த சணல் நாரைத் துப்பினார். பேச்சியம்மாள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எல்லாரும் போயிப் படிங்க. பரீட்சை எனக்கில்ல" என்றார். என் பக்கம் குனிந்து, "மன்னிச்சுக்கோங்கம்மா" என்றார் மெதுவாக. "அந்த முதுகை நானே இங்க வச்சு ஒட்டிருதேன். வெளிய அனுப்பல."

"நான் கொஞ்சம் படிக்கலாமா மேடம்? முடிச்சு போயிராதே?"

"காமிரா மறுபடி பாக்க ஒரு மணி நேரம் இருக்கு. படிங்க."

அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டாள் வளர்மதி. உட்கார்ந்து பன்னிரண்டாவது அத்தியாயத்தைத் திறந்தேன். பத்துப் பக்கம். மாதவாரியாக ஒரு அட்டவணை. இரண்டு என்ற எண்ணுக்கு நேராக விரலை வைத்து மெல்ல வலப்பக்கம் நகர்த்தினேன். சோறு இவ்வளவு. மாவு இவ்வளவு. கீழே எஸ்தர் ராஜகுமாரி ஒரு வரி எழுதியிருந்தார்: 'இந்த அளவில் நின்ற பதினேழு பேரை நான் கவனித்தேன். பதினேழு பேருக்கும் எல்லாம் நல்லபடியாக முடிந்தது. பயப்பட வேண்டாம்.'

அந்த வரியை மறுபடியும் படித்தேன்.

வளர்மதி என் விரல் இருந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு சட்டென்று மேலே மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தாள். "நான் தண்ணி கொண்டாரேன்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள். போகும்போது திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

ரீகனைக் கூப்பிட்டேன்.

"என்ன ஜெனி? கிடைச்சுருச்சா?"

"கிடைச்சுருச்சு."

"அப்பாடா. மாதாவுக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்தணும். ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு? அழுதியா?"

"இல்ல. ஏங்க, கிரேனை நிறுத்திட்டு ஒரு நிமிஷம் உக்காருங்களேன்."

"உக்காந்துதான் இருக்கேன். மேல, கேபின்ல. என்னன்னு சொல்லு. பயமுறுத்தாத."

தண்ணீர் பாட்டிலோடு வளர்மதி வந்து நின்றாள். பேச்சியம்மாள் பசை டப்பாவைத் திறந்தபடி தலையைத் தூக்கினார். கூடத்தில் யாரும் பக்கம் புரட்டவில்லை. எல்லோருக்கும் கேட்கும் என்று தெரிந்தும் நான் குரலைத் தாழ்த்தவில்லை.

"நான் உண்டாயிருக்கேன்" என்றேன். "ரெண்டு மாசம்."